பாதிப் படமும் ஏழாவது கல்லும்

அக்கா,

இன்று மதியம் கேன்டீனுக்குப் போகும் வழியில் பெயின்ட் வாசனை அடித்தது. நாளை மறுநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வருகிறார்களாம். தோட்டத்து ஓரக் கற்களுக்கெல்லாம் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்த பெண் என் மேல் மோதி, "இன்னாக்கா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகும் சாம்பார் வாசனை தெரியவில்லை. அந்த வாசனைதான் வந்துகொண்டிருந்தது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் எனக்குத் தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. சொல்ல ஆள் இல்லாததால் எழுதுகிறேன். அந்தப் படம் எப்படி முடிந்தது என்று பார்த்துவிட்டேன்.

முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். நம் பழக்கம் ஸ்டோர்ஸில் தொடங்கியது. வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பார்கோடு மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு எதை எங்கே அடிப்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்த முதல் வாரம் அது. நீ ஃபோர்க்லிஃப்டில் வந்தாய். நம் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய முதல் பெண் நீதான். லாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "முந்நூத்தி நாப்பது கிலோ" என்றாய். நான் சீட்டைப் பார்த்தேன். முந்நூற்று முப்பத்தெட்டு.

"எப்டிக்கா?"

"தூக்கும்போது வண்டி மூச்சு வுடுது பாரு. அத்த கேளு."

எதைப் பார்த்தாலும் உனக்கு இரண்டு கேள்வி வரும். இது எவ்வளவு கனம், இது இங்கே எப்படி வந்தது. லைனில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் மண்டபத்துக்குப் போயிருந்தோம். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, நீ அவர் கழுத்து மாலையைப் பார்த்து, "ஏழு கிலோவுக்குக் கொறையாது, பாவம் மனுஷன்" என்றாய். கட்டட வேலைக்கு இறக்கிய மணலில் ஒரு சின்னச் சங்கு கிடந்தபோது, லாரிக்காரர் கிளம்பும் வரை அவரை விடவில்லை. "கடலு எங்க கீது, ஒரகடம் எங்க கீது. இது எப்டிண்ணா இங்க வந்துச்சு?" அவருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் அந்தச் சங்கு உன் சட்டைப் பையில் இருந்தது.

அந்த வருஷம்தான் சனிக்கிழமை மதியங்களில் ஆங்கில வகுப்பு வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது கேட்டால் நாம் விழிக்காமல் இரண்டு வாக்கியம் பேச வேண்டும் என்பதற்காக. சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். புத்தகத்தைத் திறந்தாலே பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்று கண்டுகொண்டவர், ஒரு சனிக்கிழமை லேப்டாப்பில் படம் கொண்டுவந்து பயிற்சி அறைத் திரையில் போட்டார். பேச்சு ஆங்கிலம். அடியிலும் ஆங்கில எழுத்து. அவ்வப்போது நிறுத்தி அவர் தமிழில் சொல்வார்.

ஸ்காட்லாந்து என்று ஒரு நாடு. அதன் ராஜாக்களுக்கு முடிசூட்டும்போது ஒரு கல்லின் மேல் உட்கார வைப்பார்களாம். எழுநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து ராஜா படையெடுத்து வந்து அந்தக் கல்லைத் தூக்கிப் போய்விட்டார். லண்டனில் ஒரு பெரிய கோயிலில், ஒரு நாற்காலிக்கு அடியில் அதை வைத்தார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்து ராஜாக்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முடிசூட்டிக்கொண்டார்கள். இது நடந்த கதை என்றார் டீச்சர். எழுபது வருஷத்துக்கு முன்னால், கல்லூரியில் படித்த நான்கு பேர், மூன்று பையன்களும் ஒரு பெண்ணும், கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனுக்குக் காரோட்டிப் போய் அந்தக் கல்லை எடுத்து வரத் துணிந்தார்கள்.

நீ நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாய். கல் திரையில் தெரிந்ததும் என் காதருகே, "நூத்தம்பது கிலோ இருக்கும்டி. மூணு பேரால தூக்க முடியாது, இழுப்பாங்க பாரு" என்றாய். அவர்கள் ஒரு கோட்டைக் கழற்றித் தரையில் விரித்து, அதன் மேல் கல்லைப் புரட்டி இழுத்தார்கள். நீ என் தொடையில் தட்டினாய். அந்தப் பெண் வெளியே காரில் காத்திருந்தபோது, "அவதான் வண்டி ஓட்டுறா, கவனிச்சியா" என்றாய். கல் இரண்டாக உடைந்தது. பயிற்சி அறையில் எல்லோரும் 'ச்சே' என்றார்கள். அந்த இடத்தில் மணியைப் பார்த்த டீச்சர் படத்தை நிறுத்தி, மீதி அடுத்த சனிக்கிழமை என்றார்.

அடுத்த சனிக்கிழமை அவசர ஆர்டர் வந்து எல்லோருக்கும் ஓவர்டைம் போட்டார்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே. பிறகு வகுப்பே நின்றுபோயிற்று.

நீ விடவில்லை. சாப்பாட்டு நேரம் முழுவதும் அதே பேச்சு. ஒடஞ்ச கல்ல இன்னா பண்ணிருப்பாங்க? ஒட்ட முடியுமா? எதால ஒட்டுவாங்க? அவ்ளோ பெரிய ஊர்ல போலீசு சும்மாவா வுடும்? போனில் தேடிச் சொல்கிறேன் என்று நான் எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வேணாம். சொல்லிட்டா அதோட போச்சு. இப்ப தெனம் யோசிக்கிறேன்ல, அது நல்லா கீது."

இரண்டு மாதம் கழித்து மழை. கேன்டீன் தோட்டத்தில் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நிற்குமே, அதில் வேப்பமரத்தடிக் கல்லில் பெயின்ட் உரிந்து தொங்கியது. கை கழுவிவிட்டு வந்த நீ அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய். முழங்கால் உயரக் கல். நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினாய். அடியில் மங்கலாக மஞ்சள். உச்சியில் எண்ணெய் விட்டு விட்டுக் கறுத்த ஒரு சின்னக் குழி.

"சுகந்தி, இது எங்க கல்லுடி."

உன் ஊர் நம் கம்பெனியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். உங்கள் நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குள் போனதும் தெரியும். கல்லைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னாய். ஏரிக்கரையில் ஏழு கன்னிமார். ஆடியில் ஊர்ப் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். ஆறு கல் ஒன்றாக நிற்கும். கடைசித் தங்கை மட்டும் கோபித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றாள் என்பார்கள். மண் மேடு தட்டும்போது அந்தப் பத்தடி சுவருக்குள் வந்துவிட்டது. மண்ணோடு கல்லும் போயிற்று. ஊர் கூடிக் கலெக்டருக்கு மனு கொடுத்தும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஏழாவது இடத்தில் ஒரு செங்கல்லை நட்டு, அதற்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டு வந்தார்கள்.

நீ திருடப் போகவில்லை. முதலில் கேட்டாய். நான் கூடவே வந்தேன் என்பதால் சொல்கிறேன், மூன்று முறை கேட்டாய். அட்மின் சார் கெட்டவர் இல்லை. முதல் முறை, பார்க்கலாம் என்றார். இரண்டாம் முறை, தோட்ட கான்ட்ராக்டர் கொண்டுவந்து போட்டது, எங்கிருந்து வந்ததோ யார் கண்டது என்றார். மூன்றாம் முறை கொஞ்சம் சலித்துக்கொண்டார்.

"காம்பவுண்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் கம்பெனி அசெட்தாம்மா. நானா எடுத்துக் குடுக்க முடியாது."

"அசெட்டுன்னா நம்பர் இருக்கணுமே சார். ஃபேனுக்குக் கூட ஒட்டி வச்சிக்கீறீங்க. அந்தக் கல்லுக்கு இன்னா நம்பர்?"

அவர் சிரித்துவிட்டார். வெளியே வந்ததும், "நெஜமாவே பாருடி" என்றாய். சிஸ்டத்தில் முழுப் பட்டியலையும் திறந்து தேடினேன். பூந்தொட்டிகள்கூட இருந்தன. கல் இல்லை.

அன்று பஸ்ஸுக்கு நடக்கும்போது காலில் பட்ட ஒரு கல்லை உருட்டிக்கொண்டே வந்தாய். பிறகு, "அந்த நாலு பேரும் மொதல்ல கேட்டிருப்பாங்களா?" என்றாய். தெரியவில்லை என்றேன். "எழுநூறு வருசமா கேட்டிருப்பாங்க" என்றாய்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் கூடவே நடந்தேன்.

ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குள் குடும்பங்களை விடுவார்கள். மிஷின்களுக்குப் பொட்டு, வாசலெல்லாம் வாழைமரம், பூசணிக்காய், பொரி, பிள்ளைகளின் ஓட்டம். பூஜை முடிந்ததும் வாழை மரங்களையும் கரும்பையும் உங்கள் ஊர் மாடுகளுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அந்த வருஷம் அதை ஏற்றிப்போகும் வேலையை நீயே கேட்டு வாங்கினாய். சித்தப்பா மகனின் லோடு ஆட்டோவை நீயே ஓட்டி வந்தாய். கேட் பாஸ் ஸ்டோர்ஸில்தான் எழுத வேண்டும். எழுதுகிறவள் நான்.

பூஜைக்கு முதல் நாள் கேட்டேன். "இப்பவாவது அந்தப் படத்தோட முடிவப் பாத்துடலாமாக்கா? மாட்டினாங்களா இல்லியான்னு தெரிஞ்சுக்கலாம்."

"மாட்டினாங்கன்னா பயமா இருக்கும். மாட்டலன்னா தெனாவட்டு வந்துடும். முடிச்சிட்டு ஒக்காந்து சேந்து பாக்கலாம்."

நம் இரண்டு பேர் பெயரும் பர்மனென்ட் லிஸ்டில் இருப்பதாகப் பேச்சு இருந்த மாதம் அது. ஏழு வருஷம் கான்ட்ராக்டில் ஓட்டியவள் நீ. உனக்கு இழக்க இருந்தது என்னைவிட அதிகம்.

மதியம் மூன்று மணி. எல்லோரும் சுவீட் பாக்கெட்டுக்கு வரிசையில் நின்றார்கள். வாழைமரம் எடுக்கிற சாக்கில் நாம் கேன்டீன் பக்கம் போனோம். கல்லைச் சுற்றி முதல் நாளே தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி வைத்திருந்தாய். அசைத்ததும் பல் ஆடுவதுபோல ஆடியது. கோணியை விரித்து அதன் மேல் சாய்த்தோம். புல்லின் மேல் இழுத்தபோது உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கோட்டு இல்ல, கோணிதான்" என்றாய். எனக்குச் சிரிக்க வரவில்லை. கேன்டீன் வாசலைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன். ஆட்டோவில் ஏற்றத் தூக்க வேண்டியிருந்தது. நீ தலைப்பக்கம் பிடித்தாய், நான் கால்பக்கம். ஒரு சிமென்ட் மூட்டைக்கு மேல் கொஞ்சம் என்றாய். என் விரல் நசுங்கியது. சத்தம் போடவில்லை.

மேலே வாழை மரங்களைப் போட்டோம். பலகையை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட் பாஸ் எழுதினேன். 'பூஜைப் பொருள், ஒரு லோடு, திரும்ப வராதது.' கையெழுத்துப் போட்டேன். எதையும் பொய்யாக எழுதவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் சீட்டைப் பார்த்தார். வாழை இலையை ஒரு கையால் விலக்கினார். நான் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது, வெள்ளையா?"

"சாமிண்ணா" என்றாய்.

அவர் உன் முகத்தைப் பார்த்தார். சீட்டைத் திரும்பப் பார்த்தார். சங்கிலியைக் கழற்றினார். நீ கியர் மாற்றிப் போன சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்கு வந்தேன். பெயின்ட்டைச் சுரண்டி, கழுவி, செங்கல்லை எடுத்துவிட்டு ஆறு பேருக்குப் பக்கத்தில் நட்டிருந்தார்கள். உங்கள் ஊர்ப் பெண்களுக்குள் இரண்டு கட்சி. இதேதான், குழியைப் பார், என்றது ஒரு கட்சி. நம்ம கல்லு இன்னும் கொஞ்சம் குட்டை, இது வேற, என்றது இன்னொரு கட்சி. உன் பெரியம்மா, "அவ்ளோ பேர் கையெழுத்துப் போட்டு மனு குடுத்தும் வராதது எப்டி இப்ப வந்துச்சு?" என்று உன்னையே கேட்டார். நீ குனிந்து கல்லுக்கு மஞ்சள் பூசினாய். திரும்பி வரும்போது என்னிடம், "நெஜமாவே வேற கல்லா இருந்தா இன்னா பண்றது?" என்றாய். முகத்தில் கவலை இல்லை. அந்தச் சங்கைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது இருந்த முகம்.

நாம் பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம். வேப்பமரத்தடியில் தோட்டக்காரர் ஒரு பூந்தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான். எனக்கு நிம்மதி. நீதான் நாளுக்கு நாள் வாடிப் போனாய்.

"தேடவே இல்லடி" என்றாய் ஒருநாள். "அங்கன்னா ரோடெல்லாம் மறிச்சு வண்டி வண்டியா சோதன போட்டிருப்பாங்க. இங்க ஒருத்தரும் கேக்கல."

"நல்லதுதானக்கா."

"இன்னா நல்லது? அன்னிக்கு மண்ணோட வாரிகினு வந்தப்பவும் யாருக்கும் தெரியாது. இப்பவும் யாருக்கும் தெரியாது."

மறுநாள் நீ எனக்குச் சொல்லாமல் ஒரு கடிதம் எழுதி அட்மின் அறையில் கொடுத்தாய். வகுப்பில் கற்ற ஆங்கிலத்தில் முதல் இரண்டு வரி, மீதி தமிழில். கேன்டீன் வேப்பமரத்தடியில் இருந்தது எங்கள் ஊர் ஏழாவது கன்னியம்மா, ஆயுத பூஜை அன்று நான் எடுத்துப் போனேன், இப்போது அவள் தன் இடத்தில் இருக்கிறாள், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கீழே உன் பெயர், டோக்கன் நம்பர், ஊர்.

விசாரணை வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். அந்த அறையை நான் மறக்க நினைத்து மறக்க முடியாமல் இருக்கிறேன். அட்மின் சாருக்குக் கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம்.

"யாருக்குமே தெரியாதேம்மா. நீயா வந்து ஏன் சொன்ன?"

"எடுத்தேன்னு சொன்னாதான் சார் எடுத்தது. சொல்லாட்டி அது காணாப் போனது. ஏற்கெனவே ஒருதபா காணாப் போச்சு."

அவர் கேட் பாஸைத் தள்ளி வைத்தார். இது யார் எழுதியது என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, "நான்தான் சார். சுகந்தி சாப்ட போனப்ப ஒரு சீட்டக் கிழிச்சு நானே எழுதிகினேன். கையெழுத்தும் நானே கிறுக்கினேன்" என்றாய். செக்யூரிட்டி அண்ணனையும் விடவில்லை. "அவரு பேப்பர பாத்தாரு, பேப்பர் சரியா இருந்துச்சு. அவர் மேல தப்பு இல்ல" என்றாய்.

அவர் என்னைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்தாம்மா?"

உன்னைப் பார்த்தேன். நீ மேசை மேல் இருந்த கண்ணாடி பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இல்லை சார்" என்றேன்.

அந்த மாதக் கடைசியோடு உன் கான்ட்ராக்ட்டை நிறுத்தினார்கள். போலீசுக்குப் போகவில்லை. கல்லைக் கேட்டும் யாரும் வரவில்லை. அடுத்த லிஸ்டில் என் பெயர் வந்தது. அதைச் சொல்ல உன் வீட்டுக்கு வந்தபோது கண்ணைப் பார்க்க முடியாமல் நின்றேன். நீ டம்ளரை நீட்டிக்கொண்டே, "நல்லவேளடி, அன்னிக்கு நீ ஆமான்னுடப் போறியேன்னுதான் எனக்கு நெஞ்சு அடிச்சுது" என்றாய். ஆறே வாரத்தில் பிள்ளைப்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் உனக்கு ஃபோர்க்லிஃப்ட் வேலை கிடைத்தது. அங்கேயும் நீதான் முதல் பெண்.

நாம் சேர்ந்து பார்ப்பதாக இருந்த படத்தை நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நீ கேட்பாய், நான் அடுத்த வாரம் என்பேன். வேலை, வீடு, பஸ் லேட் என்று ஏதாவது சொல்வேன். உண்மை என்னவென்றால், உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவர் போலீஸ் முன்னால் 'நான் இல்லை' என்று சொல்கிற காட்சி வந்துவிட்டால் எங்கே பார்ப்பது என்று பயந்தேன்.

ஐந்து வருஷம் அப்படியே போயிற்று. பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ கேட்டாய். "மாட்டிகினாங்களாடி அவங்க?" அன்றைக்கு நான் சாக்குச் சொல்லவில்லை. போனை உன் தலையணையில் சாய்த்து முதலிலிருந்து போட்டேன். கால் மணி நேரம் பார்த்திருப்போம். காரோட்டும் அந்தப் பெண் வந்ததும், "தோ, வந்துட்டா" என்றாய். ஸ்கேனுக்குக் கூட்டிப்போக நர்ஸ் வந்தார். "அப்படியே நிறுத்து, வந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு படம் பார்க்கும் நிலை உனக்கு வரவில்லை.

உன் காரியம் முடிந்து மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம், விட்ட இடத்திலிருந்து தனியாகப் பார்த்தேன். பார்த்து முடித்தும் போதவில்லை. தேடித் தேடிப் படித்தேன். நீ இருந்திருந்தால் என்னென்ன கேட்டிருப்பாய் என்று நினைத்து, அதையெல்லாம் படித்தேன். எனவே கேட்டுக்கொள்.

கல் நூற்றைம்பத்திரண்டு கிலோ. நீ இரண்டு கிலோ குறைத்துச் சொன்னாய். சின்னத் துண்டை அந்தப் பெண்தான் தன் காரில் வைத்து ஓட்டிப் போனாள். பெரிய துண்டைக் கொஞ்ச நாள் திறந்த வெளியில் ஒளித்து வைத்து, பிறகு எடுத்துப் போனார்கள். எல்லையில் ரோட்டை மறித்தும் போலீசுக்கு அகப்படவில்லை. கல்வேலை தெரிந்த ஒருவர் உள்ளே கம்பி வைத்து இரண்டையும் சேர்த்தார். சேர்க்கும்போது உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்தாராம். அதில் என்ன எழுதினார் என்று சாகும்வரை யாருக்கும் சொல்லவில்லையாம். இதைப் படித்தபோது உன்னை நினைத்துச் சிரித்தேன். நீயாக இருந்தால் அந்த ஊருக்கே போய் அவர் வீட்டுக்காரர்களை நச்சரித்திருப்பாய்.

இனிதான் உனக்குப் பிடித்திருக்கக்கூடிய இடம். மூன்று மாதம் கழித்து அவர்களே அந்தக் கல்லை, தங்கள் நாட்டில் ஒரு பழைய இடிந்த கோயிலில், தங்கள் கொடியைப் போர்த்தி வைத்துவிட்டுத் தகவல் சொன்னார்கள். பறிகொடுத்தவர்கள் கண்டுபிடித்து எடுக்கவில்லை. இவர்களே முன்வந்து, இதோ என்று வைத்தார்கள். போலீஸ் வந்து மறுபடியும் லண்டனுக்குக் கொண்டுபோயிற்று. அந்த நான்கு பேர் மீதும் வழக்குப் போடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் போன பிறகு அரசாங்கமே அந்தக் கல்லை அவர்கள் நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தது. இப்போது அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று. அது அசல் கல் இல்லை, அசலை எங்கேயோ ஒளித்துவிட்டு நகலைத்தான் வைத்தார்கள் என்று சொல்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்களாம். உங்கள் ஏரிக்கரையில் பேசிய அதே பேச்சு. அதைப் படித்துவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டே, உன் நம்பரை அழுத்தப் போனேன். பிறகுதான் நினைவு வந்தது.

போன ஆடியில் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தார்கள். நீ இல்லாத முதல் ஆடி. போகலாமா என்று யோசித்துப் போனேன். உன் மகள் வந்திருந்தாள். வல்லத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். அடுப்பில் பால் பொங்க நின்றுகொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மாகூட இன்னொருத்தங்க இருந்தாங்கன்னு ஊர்ல பேசிக்கிறாங்க ஆன்ட்டி. அவ்ளோ கனத்த ஒரு ஆளால தூக்கிருக்க முடியாதுன்னு. கடைசி வரிக்கும் கேட்டேன், அம்மா சொல்லவே இல்ல. ஒங்களுக்குத் தெரியுமா?"

"நான்தாம்மா" என்றேன்.

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நம் கேன்டீனில் வேலை செய்யும் ஒருத்தியும் அதில் இருந்தாள். உன் மகள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். பிறகு தொடங்கினாள். எதால் இழுத்தீர்கள், யாரும் பார்க்கவில்லையா, கேட்டில் என்ன சொன்னீர்கள், பயமாக இல்லையா. எல்லாம் சொன்னேன். கேட் பாஸ் எழுதியதைச் சொன்னேன். விசாரணை அறையில் 'இல்லை சார்' என்று சொன்னதையும் சொன்னேன். அதற்கு அவள் பக்கத்தில் நின்றவரிடமிருந்து கரண்டியை வாங்கி என் கையில் கொடுத்து, "கிளறுங்க ஆன்ட்டி, அடி பிடிக்குது" என்றாள்.

திங்கட்கிழமைக்குள் பேச்சு கம்பெனிக்கும் போய்விட்டது. கேன்டீனில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். அட்மின் அறையிலிருந்து இதுவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன கேட்பார்கள், நான் எந்த வார்த்தையில் தொடங்குவேன் என்று தினம் யோசிக்கிறேன். ஆச்சரியம் என்னவென்றால், அந்த யோசனையில் பயம் குறைவாகத்தான் இருக்கிறது.

அந்த 'இல்லை சார்' என்னோடுதான் இருக்கும். நீ மன்னித்தாய் என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு, ஒரு கல்லின் தலைப்பக்கம் நீ பிடித்தாய், கால்பக்கம் நான் பிடித்தேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சுகந்தி